கன்றுக்குட்டி என்று சொன்னேன்

அப்பா அந்தக் கதையை யாருக்குச் சொன்னார்? நெருப்பின் மறுபக்கம் இருந்த முதியவருக்கா, நடுவில் இருந்து மொழிபெயர்த்த எனக்கா? போன வருடம் உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாளிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்போது மறுபடியும் தவக்காலம் வந்து பாதி போய்விட்டது. பதில் சொல்லக்கூடியவர் இல்லை.

நான் இத்தாலியில் பலெர்மோவுக்குக் கலியாணம் கட்டி வந்து ஏழு வருடங்கள். வியா மக்வேதா தெருவுக்குப் பின்னால் உள்ள ஒரு ஒழுங்கையில், மூன்றாம் மாடியில், தொண்ணூறை நெருங்கும் ஒரு முதியவரை, நான் சின்யோரே என்று அழைப்பவரை, பராமரிப்பது என் வேலை. காலையில் கழுவித் துடைத்து, மருந்து கொடுத்து, மத்தியானம் சாப்பாடு தீத்தி முடிய அவருடைய மகள் வருவார். அந்தச் சின்யோரா நல்லவர். என் கணவர் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை செய்கிறார். எங்களுக்கு நான்கு வயதில் ஒரு மகள். மூன்று வருடங்களுக்கு முன் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி கிடைத்து, மன்னாரிலிருந்து அப்பாவும் அம்மாவும் எங்களோடு வந்து சேர்ந்தார்கள். பிரான்காச்சோவில் மூன்று அறையும் ஒரு பல்கனியும் உள்ள வீட்டில் ஐந்து பேர்.

அப்பாவுக்கு இந்த ஊரில் இருந்த முக்கிய வேலை, மத்தியானம் பிள்ளையைப் பள்ளியில் இருந்து கூட்டிக்கொண்டு நான் வேலை செய்யும் வீட்டுக்கு வருவது. பிறகு மூவரும் பஸ் எடுத்து வீட்டுக்குப் போவோம். அப்படி ஒரு நாள் வந்து காத்திருந்தபோதுதான் சின்யோரேயின் சுவரில் தொங்கிய பன்றிக் கொம்பையும், அதற்குக் கீழே ஆணியில் கிடந்த வெறும் தோலுறையையும் கண்டார்.

"பிள்ளை, இந்த மனுசன் வேட்டைக்காரரோ?"

"ஓம் அப்பா. முந்தி."

"கேள், உந்தப் பன்றி எத்தினை வெடியிலை விழுந்ததெண்டு."

கேட்டேன். பக்கவாதத்தால் வாய் ஒரு பக்கம் கோணியிருந்த சின்யோரே பல மாதங்களுக்குப் பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார். மூன்று விரல்களைக் காட்டினார். அப்பா ஒரு விரலைக் காட்டித் தன் நெஞ்சைத் தட்டினார். சின்யோரே சிரித்து இருமினார். அன்றிலிருந்து அப்பா ஒரு மணிக்கு வருவதற்குப் பதிலாகப் பன்னிரண்டே காலுக்கே வந்துவிடுவார், பிள்ளைக்குப் பள்ளி முடியும் முன்னரே. "நீ போய்க் கூட்டிக்கொண்டு வா, நான் இவரைப் பார்க்கிறன்" என்பார்.

நான் வளர்ந்த வீட்டில் அப்பா காட்டைப் பற்றிக் கதைத்ததே இல்லை. நான் குழந்தையாக இருந்தபோது அவர் வேட்டைக்குப் போனவர் என்று தெரியும். இடம்பெயர்ந்தபோது துவக்கு தொலைந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். அதற்கு மேல் நான் கேட்டதில்லை. அந்த முதியவருக்கு முன்னால் என் அப்பா வேறு ஆளாக இருந்தார். இடியன் என்ற நாட்டுத் துவக்குக்கு வெடிமருந்து இடிப்பது எப்படி, மழைக்காலத்தில் மருந்தை மடிக்குள் வைத்துச் சூடுகாட்டுவது எப்படி, மரை மானுக்குக் காற்றுப் பார்த்து நிற்பது எப்படி என்றெல்லாம் கையால் நடித்துக் காட்டுவார். நான் கீரைச் சூப்பைக் கிளறிக்கொண்டே இத்தாலியனில் சொல்லுவேன்.

சின்யோரேக்கோ தன் பழைய ரிவால்வர்களைப் பற்றித்தான் கதை. மூன்று இருந்தன. ஒன்று அவருடைய தாத்தாவினுடையது, உருளை ஆடும். ஒன்று இளமையில் வாங்கியது. மூன்றாவதுதான் அவர் உயிர்: வாதுமை மரப் பிடி, அதில் அவருடைய பெருவிரல் தேய்த்துத் தேய்த்து விழுந்த பள்ளம். நீளத் துவக்கு வேட்டைக்கு, ரிவால்வர் காயப்பட்ட பன்றி திரும்பி வந்தால் மட்டும். இரண்டாவது தடவை வாதம் அடித்த பிறகு மகள் கராபினியேரிப் பொலிசுக்குச் சொல்லி எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டார். தோலுறை மட்டும் மிஞ்சியது.

"எடுக்க வந்த பெடியனுக்கு நான் சொன்னனான்," என்று அவர் சொன்னதை அப்பாவுக்குத் தமிழில் சொன்னேன். "அவவுக்கு மெல்லிய எண்ணெய்தான் பிடிக்கும், தடிச்சதைப் பூசிப்போடாதை எண்டு."

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "மனுசியைக் கூட இப்பிடிப் பார்த்திருக்க மாட்டார். அவரட்டைச் சொல்லு, ஆறு வெடி கையிலை இருந்தா ஒருத்தனும் குறி பார்க்கப் பழகமாட்டான். எங்கடை இடியனிலை ஒண்டுதான்."

சின்யோரேயின் பதில் உடனே வந்தது. "ஒரு வெடியோடை போறவன் ஓடத்தான் பழகுவான்."

ஒரு நாள் அவர் சொன்னார், ஆறு ஓட்டையில் ஐந்தைத்தான் தான் நிரப்புவாராம். சுத்தியலுக்கு நேரே வரும் ஓட்டையை வெறுமையாக விடுவாராம், தவறி விழுந்தாலும் வெடிக்காமல் இருக்க. இதைச் சொன்னபோது அப்பா சிரிக்கவில்லை. "விசயம் தெரிஞ்ச மனுசன்," என்றார். பஸ்ஸில் வரும்போதும் அதையே திருப்பிச் சொன்னார். "ஒண்டை வெறுமையா விட்டிருக்கிறார், பார்."

இனி அம்மாவின் தம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் நீங்கள் நடந்ததை விளங்கிக்கொள்ள மாட்டீர்கள்.

மாமாவை எனக்கு ஞாபகம் இல்லை. எனக்கு மூன்று வயதாக இருக்கும்போது, ஓர் உயிர்த்த ஞாயிறு காலை, பக்கத்து ஊரிலிருந்து காட்டுக் குறுக்குப் பாதையால் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். அக்காவுக்குப் பெருநாள் தயிர் கொண்டுவந்தார். வழியில் யாரோ சுட்டுவிட்டார்கள். யார் சுட்டது என்று யாரும் கேட்காத யுத்த காலம் அது. கேட்டவர்களுக்கும் பதில் கிடைக்காது. உடைந்த தயிர் முட்டியோடு அவரைத் தூக்கி வந்தார்களாம். இன்றுவரை எங்கள் வீட்டில் தயிர் வாங்குவதில்லை.

அம்மா ஒவ்வொரு பின்னேரமும் செபமாலை முடிந்ததும், எல்லா மன்றாட்டுக்கும் கடைசியாக, ஒரே ஒரு வரியைச் சேர்ப்பார். எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து கேட்கிறேன்.

"என்ரை தம்பியைச் சுட்டவன் ஆராயிருந்தாலும், அவனுக்கு நல்ல சாவு வரக்குடாது ஆண்டவரே."

நாங்கள் எல்லோரும் "ஆமென்" என்போம். அப்பாவும் சொல்லுவார். சத்தமாக, ஒரு நாளும் தவறாமல்.

போன வருடம் பஸ்குவெத்தா அன்று, அதாவது உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த திங்கள், இந்த ஊரே வீட்டைப் பூட்டிவிட்டு வெளியில் போய் நெருப்பு மூட்டும் நாள். சின்யோரா எங்களையும் மலைப்பக்கம் இருந்த தங்கள் பழைய தோட்ட வீட்டுக்குக் கூப்பிட்டார். "உன் அப்பா வராவிட்டால் என் அப்பா காரில் ஏறமாட்டாராம்," என்றார். என் கணவருக்கு அன்று வேலை. அம்மா, அப்பா, பிள்ளை, நான் போனோம்.

ஒலிவ் மரத்தில் வெட்டிப் போட்ட கிளைகளை அப்பாதான் அடுக்கி மூட்டினார். சின்யோரா கார்ச்சோஃபி என்ற அந்தத் தாமரை மொட்டுப் போன்ற காய்களைக் கல்லில் குத்தி விரித்து, உள்ளியும் எண்ணெயும் விட்டுத் தந்தார். அவற்றைத் தணலுக்குள் நிமிர்த்திப் புதைத்து வைப்பது அப்பாவின் பொறுப்பு. சின்யோரே சக்கர நாற்காலியில், முழங்காலில் கம்பளியோடு. நான் இருவருக்கும் நடுவே ஒரு சின்ன ஸ்டூலில். முப்பது அடி தள்ளி அம்மாவும் சின்யோராவும் பிள்ளையோடு மஞ்சள் பூப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நல்ல வெயில். பகல் ஒரு மணி இருக்கும்.

சின்யோரே மெல்லிய குரலில் தன் நாயைப் பற்றிச் சொன்னார். பற்றைக்குள் பன்றி என்று நினைத்துச் சுட்டாராம். ஓடிப் போய்ப் பார்த்தால் அவர் வளர்த்த பெட்டை நாய். வீட்டில் பன்றி கிழித்துவிட்டது என்று சொல்லிவிட்டாராம். அப்போது சின்யோராவுக்கு ஒன்பது வயது. ஒரு கிழமை சாப்பிடாமல் அழுதாராம்.

"இண்டைக்கும் அவளுக்குத் தெரியாது," என்றார். பிறகு பூப் பிடுங்கும் மகளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். ஆனால் கண் ஈரமாக இருந்தது. நான் அப்பாவுக்குச் சொன்னேன்.

அப்பா ஒரு காயைக் குச்சியால் திருப்பி வைத்தார். இன்னொன்றையும் திருப்பினார்.

"அவரட்டைச் சொல்லு பிள்ளை," என்றார், அவரும் குரலைத் தணித்து. "எங்கடை ஊரிலை கட்டுத்துவக்கு எண்டு ஒண்டு இருக்கு."

சொன்னேன். பன்றி வரும் தடத்தில், முழங்கால் உயரத்தில் துவக்கை மரத்தோடு கட்டி, விசையில் இருந்து தடத்துக்குக் குறுக்கே நூல் இழுத்துவிடுவது. ஆள் தேவையில்லை. மிருகம் நூலைத் தட்டினால் வெடிக்கும். சின்யோரே தலையாட்டினார், இந்தப் பக்கமும் முந்தி இருந்ததாம்.

"பொழுது படக் கட்டி, வெள்ளாப்போடை போய் அவிழ்க்கோணும். அதுதான் சட்டம். ஏனெண்டா விடிஞ்சாச் சனம் நடக்கும்."

சொன்னேன்.

"தவக்காலம் முழுக்க நாங்கள் ஒருத்தரும் கட்டிறேல்லை. வேதக்காரச் சனம். நாப்பது நாளும் துவக்கு கூரை வளையிலை கிடக்கும். அந்த நாளையிலை எந்தப் பாதையாலையும் பயமில்லாமப் போகலாம். எல்லாருக்கும் தெரியும்."

சொன்னேன். வாக்கியத்தை அழகாகச் சொல்ல வேண்டும் என்றே என் கவனம் இருந்தது. நான் எப்போதும் அப்படித்தான். பிழை விடக்கூடாது என்ற பயத்தில் பொருளை விட்டுவிடுவேன்.

"ஒரு வருசம் பெருநாளுக்கு வீட்டிலை இறைச்சி இல்லை. முதல்நாள், பெரிய சனி பின்னேரம் நான் கட்டிப்போட்டன். பன்றி வாறது நடுச்சாமத்துக்குப் பிறகு. அதுக்கிடையிலை பூசை முடிஞ்சிடும், தவக்காலமும் முடிஞ்சிடும், பாவமில்லை எண்டு நினைச்சன்."

சின்யோரே சிரித்தார். "பாதிரியார் மாதிரிக் கணக்குப் பார்த்திருக்கிறார்." அதையும் அப்பாவுக்குச் சொன்னேன். அப்பா சிரிக்கவில்லை.

"பூசை முடிய நேரம் போச்சு. கோயில் வளவிலை மணலிலை இருந்தம். என்ரை பிள்ளை என்ரை நெஞ்சிலை படுத்து நித்திரை. எழுப்ப மனம் வரேல்லை. நானும் அப்பிடியே கண்ணயர்ந்து போனன். முழிக்கேக்கை நல்லா விடிஞ்சிட்டுது."

மொழிபெயர்க்கும்போது நான் எப்போதும் அவருடைய இடத்தில் நின்றுதான் சொல்லுவேன். 'என் மகள் என் நெஞ்சில் நித்திரையாக இருந்தாள்' என்று என் வாயாலேயே இத்தாலியனில் சொன்னேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அவருக்கு ஒரே மகள் நான்தான் என்பது கூட.

"ஓடினன்."

"ஓடினேன்" என்று சொன்னேன்.

"கிட்டப் போகேக்கை முதல் கண்டது தயிர் முட்டி. உடைஞ்சு கிடந்தது. பாதையெல்லாம் வெள்ளை."

முட்டிக்கு இத்தாலியனில் என்ன சொல்வது என்று தேடினேன். பானையா, ஜாடியா. வாய் திறந்து பாதியில் நின்றது. தணலில் ஒரு காய் வெடித்துப் பொரிந்தது. முப்பது அடி தள்ளி அம்மா என் பிள்ளையின் தலையில் பூவைச் செருகிக்கொண்டு, "அசையாதையடி, குரங்கு" என்றது கேட்டது.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. குச்சியைப் பிடித்தபடி, நான் சொல்லி முடிக்கக் காத்திருந்தார். சொல்வதற்கு இன்னும் இருந்தது. அது அவருடைய தோளில் தெரிந்தது.

"பிறகு?" என்றார் சின்யோரே. "என்ன விழுந்து கிடந்தது?"

"கன்றுக்குட்டி," என்றேன். "ஒரு கன்றுக்குட்டியாம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? அம்மாவுக்குக் கேட்டுவிடும் என்று பயந்தேனா? அம்மாவுக்கு இத்தாலியன் தெரியாது. அப்பாவை அந்த மனிதரின் முன்னால் காப்பாற்ற நினைத்தேனா? அவர் தன் நாயைச் சொன்ன பிறகு காப்பாற்ற என்ன இருந்தது? என்னைக் காப்பாற்றத்தான் என்று இப்போது நினைக்கிறேன். நாளைக்கு வேறு விதமாக நினைப்பேன்.

சின்யோரே வாய்விட்டுச் சிரித்தார். கோணிய வாயில் இருந்து எச்சில் வழிந்தது. "பெருநாளுக்குப் பன்றி கேட்டவருக்கு ஆண்டவர் கன்றுக்குட்டி அனுப்பியிருக்கிறார்!" என்று அப்பாவின் முழங்காலில் தட்டினார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவையும் இருக்கவில்லை. சந்தையில் இறைச்சி வாங்குவது அப்பாதான்; இத்தாலியனில் அவருக்கு நன்றாகத் தெரிந்த கொஞ்சச் சொற்களில் கன்றும் ஒன்று.

அப்பா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கோபம் இல்லை. பள்ளியில் நான் ஏதோ பிழை விட்டு வரும்போது பார்ப்பாரே, 'பரவாயில்லை விடு' என்று, அந்தப் பார்வை. பிறகு அவரும் சின்யோரேயோடு சேர்ந்து சிரித்தார்.

காய் வெந்துவிட்டது என்று சொல்லி எடுத்தார். முதல் காயின் கருகிய இதழ்களை உரித்து, உள்ளே இருந்த மெத்தென்ற பகுதியை அம்மாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்.

அதன் பிறகு அவர் சின்யோரேயின் வீட்டுக்குப் பன்னிரண்டே காலுக்கு வரவில்லை. ஒரு மணிக்குப் பிள்ளையோடு வந்து, கதவடியில் நிற்பார். "உன் அப்பாவுக்கு என்மேல் கோபமா?" என்று சின்யோரே கேட்டார். அவருக்கு முழங்கால் நோவு என்றேன்.

ஒரே ஒரு தடவை, கோடையில், ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது தொடங்கினார். "பிள்ளை, அண்டைக்கு நான்..." பிள்ளை அப்போது வெயிலில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். தண்ணீர்ப் போத்தலைத் தேடிக்கொண்டே நான், "பிறகு கதைப்பம் அப்பா" என்றேன். "ஓம், பிறகு கதைப்பம்," என்றார் அவரும். எத்தனையோ 'பிறகு' இருந்தன. ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

செப்டெம்பர் கடைசியில் நெஞ்சு நோ வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள். மூக்கிலும் வாயிலும் ஒக்சிசன் மூடி. இரண்டாம் நாள் பின்னேரம், பார்க்க விடும் நேரத்தில், அம்மா கட்டிலருகில் இருந்து மெல்லிய சத்தத்தில் செபமாலை சொன்னார். முடிவில் அந்த வரி வந்தது. அங்கேயும், அப்போதும், வழக்கம் மாறாமல். "நல்ல சாவு வரக்குடாது ஆண்டவரே." நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். மூடிக்குள் அவருடைய உதடு அசைந்தது. மூடியின் உட்புறத்தில் மூச்சுப் படிந்து மறைந்தது. எந்தச் சொல்லுக்கு அசைந்தது என்று எனக்குத் தெரியும். அம்மா அதைக் கண்டு, "பாருங்கோவன், இந்த நிலையிலையும் என்ரை தம்பிக்காக மன்றாடுறார்," என்று அழுதார். அப்பாவின் கை என் கையில் இருந்தது. அடுத்த நாள் காலையில் போய்விட்டார்.

ஓடிப் போனபோது மாமாவுக்கு உயிர் இருந்ததா? அவர் ஏதாவது சொன்னாரா? அப்பா அவரைத் தூக்கினாரா, விட்டுவிட்டு ஓடினாரா? அந்தக் கதையின் மிச்சம் முழுவதும் என் கன்றுக்குட்டிக்குப் பின்னால் நின்றுவிட்டது. முப்பது வருடமாகச் சுமந்ததை ஒருவர் இறக்கி வைக்க வந்தார். நான் இடம் கொடுக்கவில்லை.

கணவரிடம் சொன்னேன். "செத்தவையை விடு. இருக்கிறவையின்ரை நித்திரையைக் குழப்பாதை," என்றார். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடமும் சொன்னேன். அது என் பாவம் இல்லை என்றார். யாருடைய பாவம் என்று நான் கேட்கவில்லையே.

இப்போது பின்னேரங்களில் அம்மா, நான், பிள்ளை மூவரும்தான் செபமாலை சொல்கிறோம். அந்த வரி வரும்போது எனக்கு வாய் வருவதில்லை. போன கிழமை அம்மா அதைக் கவனித்துவிட்டார். "கொம்மாவுக்கு வாய் நோகுதாம். நீயாவது சொல்லு குஞ்சு," என்று பிள்ளையிடம் சொன்னார். என் மகள் நேராக நிமிர்ந்து, இந்த ஊர்ப் பிள்ளைகள் சொல்வதுபோல இழுத்து, "ஆமென்!" என்றாள். தன்னைத் தோளில் தூக்கித் திரிந்த அம்மப்பாவுக்கு எதிராக. அம்மா அவளைக் கொஞ்சினார்.

நேற்று அம்மா என்னிடம் ஒரு துண்டுக் கடதாசி தந்தார். எங்கள் தமிழ்ப் பூசையில் பெருநாளுக்குப் பூசைக் கருத்து, அதாவது நினைத்து மன்றாட வேண்டிய இறந்தவர்களின் பேர், எழுதிக் கொடுப்பதற்கு. "கொப்பாவின்ரை பேரையும் மாமாவின்ரை பேரையும் ஒண்டா எழுது பிள்ளை. ரெண்டு பேரும் சொந்தச் சகோதரம் மாதிரி." கடதாசி என் கைப்பையில் இருக்கிறது. இன்னும் எழுதவில்லை. இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் அது மன்னிப்பா, ஏமாற்றா என்று எனக்குத் தெரியவில்லை.

அம்மாவுக்கு அறுபத்தேழு வயது. இரத்த அழுத்தத்துக்குக் குளிசை போடுகிறார். சொன்னால், தம்பியை இரண்டாம் தடவையும் கணவரை முழுதாகவும் இழப்பார். தன் வாயாலேயே அவரை இத்தனை வருடம் சபித்ததையும் அறிவார். சொல்லாவிட்டால் தினமும் பின்னேரம் சபித்துக்கொண்டே இருப்பார், என் பிள்ளை ஆமென் சொல்லுவாள்.

இதை வாசிக்கிறவர்களில் தாய்மார் இருப்பீர்கள், இப்படி ஒன்றைச் சொன்னவர்களும் மறைத்தவர்களும் இருப்பீர்கள். உங்களிடம் கேட்கிறேன். அம்மாவிடம் நான் சொல்ல வேண்டுமா? சொல்லக்கூடாது என்றால், அந்த வரியை மட்டுமாவது அவர் விட்டுவிட நான் என்ன சொல்லிக் கேட்பது? பெருநாளுக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. தயவுசெய்து எழுதுங்கள்.